தனி உலை

நாக்கில் தொடக்கநிலைப் புற்றுநோயை லேசரால் எடுக்கும்போது ரத்தப்போக்கு குறைவு. பெரும்பாலும் தையல்கூட இல்லை. புண் தானே ஆறும். அதுவரை காரம், புளி, சூடு ஆகாது. உடம்பு தேறவோ முட்டை, பால், பருப்பு வேண்டும்.

என் பெரியம்மாவுக்குக் கொடுத்த உணவுத்தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது: குழைத்து, அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலவேளை. யார் அரைப்பது? ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டில் ஒரு மனைவி உண்டு என்று எண்ணி எழுதிய தாள் அது. (ஆண்களுக்கு அநேகமாக உண்டுதான்.) பெரியம்மா, வீட்டாருக்கு வைத்த காரக்குழம்பின் காயைத் தண்ணீரில் அலசித் தின்றார். "எனக்கு ஒருத்திக்குத் தனியா உலை வைக்கணுமாடி?"

தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க ஐரோப்பாவில் உருவான வினாத்தாள் ஒன்றில் 35 கேள்விகள். விழுங்க முடிகிறதா, குடும்பத்தார் முன்னால் சாப்பிடச் சிரமமா என்றெல்லாம் கேட்கும், நல்ல கேள்விகள்தாம். அதைப் படித்துக் காட்டினேன். பெரியம்மா என்றைக்குக் குடும்பத்தார் முன்னால் சாப்பிட்டார்? எல்லாரும் எழுந்த பிறகுதான். "சிரமமில்லை" என்றார். எடையோ இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பதில் பொய்யில்லை. குறைவாகவே எதிர்பார்க்கப் பழக்கப்பட்டவரின் உண்மை அது. அப்படிப்பட்ட பதில்களைக் கூட்டி வருவதை வாழ்க்கைத்தரம் என்று எப்படி ஏற்பது? வீட்டில் யார் சமைக்கிறார் என்று மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த உணவுத்தாள் பெரியப்பா கைக்குப் போயிருக்கும்.