தூக்கிய கை

சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் எங்கள் போர்ட் பிளேருக்கு வந்தது 2020 ஆகஸ்டில். அதற்கு முன்பெல்லாம் ஒரு பாட்டை வீடியோவில் பார்த்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். அடுத்த வருடம், 2021 ஆகஸ்ட் 24 அன்று, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் 80 வயதில் காலமானார். மறுநாள் இரவு முழுக்க வீடியோக்களில் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பலில் வந்த கேசட்டுகளைக் கேட்டு டிரம்ஸ் பழகியவன் நான். காது தவறவிட்டதைக் கண் பிடித்தது. ராக் தாளத்தில் நாலு எண்ணிக்கைக்கு வலக்கை ஹை-ஹாட் தாளத்தட்டை எட்டு முறை தட்டும். இரண்டிலும் நாலிலும் இடக்கை ஸ்னேர் டிரம்மில் விழும். சார்லியோ ஸ்னேர் விழும் அந்தக் கணத்தில் வலக்கையைத் தூக்கிவிடுகிறார். எட்டில் ஆறுதான் தட்டுகிறார். ஸ்னேர் தனியாக, துலக்கமாகக் கேட்கிறது.

அவர் மனசு ஜாஸில்தான் இருந்தது. ஜெர்ரி மல்லிகன் இசைத்தட்டில் சிக்கோ ஹாமில்டன் பிரஷால் வாசித்ததைக் கேட்டு, தன் பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றி அதையே டிரம்மாக்கிக்கொண்ட பையன். ஜாஸ் மேதை சார்லி பார்க்கருக்காகப் படக்கதைப் புத்தகமே வரைந்தார். 1963-இல் ஸ்டோன்ஸில் சேர்ந்தவர், எண்பதுகளின் நடுவில்தான் சொந்தமாக ஒரு பெரிய ஜாஸ் குழுவைக் கூட்டினார். இத்தனை தெரிந்தவர் ஏன் இவ்வளவு குறைவாக வாசித்தார் என்று வெகுகாலம் ஆதங்கப்பட்டிருக்கிறேன். கற்றதையெல்லாம் காட்டாவிட்டால் கற்றது வீண்தானே?

நம் வித்வான்கள் 'பாட்டுக்கு வாசிக்கிறது' என்பார்கள். மிருதங்கத்தில் சர்வலகு என்னும் சீரான நடை ஓடும்போது கணக்கு ஒன்றும் வெளியே தெரியாது, பாட்டு மட்டும் மிதந்து போகும். சார்லியின் ஜாஸும் அப்படித்தான் உள்ளே ஓடியிருக்கிறது. அந்தத் தூக்கிய கையைப் பார்த்த பிறகு எனக்கு ஆதங்கம் இல்லை.

நானோ இருபது வயதில், கோயில் திருவிழாக் கச்சேரியில், கிடைத்த இடத்திலெல்லாம் டிரம்ஸில் ரோல் போட்டேன். பாடிய அண்ணன் மேடையிலிருந்து இறங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் மூச்சு விடுற இடத்துல நீ பேசுற." அன்று கோபம்தான் வந்தது. அவர் எப்போதோ மெயின்லேண்டுக்குப் போய்விட்டார்.

இப்போது ராத்திரிகளில் பயிற்சி பேடை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். வலக்கையைத் தூக்கினால் இடக்கை தயங்குகிறது. மறுபடியும் முதலிலிருந்து, ஒன்று, இரண்டு. அண்ணனின் பாட்டு மனசில் ஓடுகிறது. அவர் மூச்சு விடும் இடம் இப்போது கேட்கிறது.