வறண்ட குட்டையும் மனித அறமும்

கண்ணுக்குப் புலப்படாத உயிரொன்றுக்கு நாம் கடமைப்பட்டவர்களா என்னும் வினா, தத்துவவாதிகளின் வீண்பொழுதுபோக்கென்று தள்ளத்தக்கதன்று. பிரேசில் நாட்டின் அத்திலாந்திக்கரைக் காடுகளில் இவ்வினா மண்ணிலேயே புதைந்து கிடக்கின்றது.

மழைக்காலத்தில் அங்கு தேங்கும் ஆழமற்ற குட்டைகளிற் சில சென்ரிமீற்றர் நீளமேயுள்ள மீன்கள் வாழ்கின்றன. அவை விரைந்து வளர்ந்து சேற்றில் முட்டையிடுகின்றன. நீர் வற்றியதும் மீன்கள் யாவும் மடிகின்றன. முட்டைகளோ மடிவதில்லை, உள்ளிருக்கும் முளையங்கள் வளர்ச்சியை இடைநிறுத்தி, அடுத்த மழைவரை உறங்குகின்றன. ஒரே மழைக்கு எல்லா முட்டைகளும் பொரிப்பதுமில்லை. முதல் மழை ஏமாற்றினும் இனம் எஞ்சும். மழையோடு திடீரெனத் தோன்றுதலால் அந்நாட்டு மக்கள் இவற்றை 'மேக மீன்கள்' என்பர். அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் மையர்ஸ் 1952இல் 'ஆண்டு மீன்கள்' என்றார்.

வறட்சியை வென்ற இவ்வுயிர் மண்வெட்டியை வெல்ல மாட்டாது. சில இனங்கள் ஓரிரு குட்டைகளிலேயே வாழ்கின்றன. வறண்ட காலத்தில் அவ்விடம் வெறும் தரையாகவே தோன்றும். அதனை நிரப்பி வீதியும் வீடும் அமைத்தால் இனமே முடிந்தது. 2014இல் பிரேசில் அரசு வெளியிட்ட அழிவுநிலை மீன்களின் பட்டியலில் இம்மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை.

குடிசைக்கு இடமின்றி மனிதன் தவிக்கையில் மீனுக்கு நிலமா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின், அக்காடுகளை முதலில் அழித்தவர் யார்? போர்த்துக்கேயர் காலக் கரும்புத் தோட்டங்களும், 19ஆம் நூற்றாண்டில் அடிமைகளின் உழைப்பிற் பரந்த கோப்பித் தோட்டங்களும் ஏழைக்கு வீடமைக்கவா எழுந்தன? நிலத்தை ஒருசிலர் கையிற் குவித்த உடைமைமுறையே காட்டையும் அழித்தது, உழைத்தவனையும் நிலமற்றவனாக்கியது. மீனையும் ஏழையையும் எதிரெதிரே நிறுத்துவது அவ்வுடைமையாளருக்கே வாய்ப்பானது.

வீட்டுக்கு வேறிடம் காணலாம்; சேற்றில் உறங்கும் இனத்துக்கு வேறிடமில்லை. எனினும், அவ்வேறிடத்தைக் கொடாது ஏழையை மட்டும் விலக்குதல் அறமாகாது. அதனைக் கொடுப்பது சமுதாயத்தின் கடமை.

பயன் தெரிந்தாலன்றி மதிப்பில்லை என்பது சந்தையின் அளவுகோல். முதியவனையும் வேலையற்றவனையும் 'பயனற்றவர்' என ஒதுக்குவதும் அதுவே. மீனின் விடயத்தில் அவ்வளவுகோலை ஏற்போமாயின், மனிதனின் விடயத்தில் அதனை மறுக்கும்போது நம் குரல் தடுமாறும். ஆதலின், அதனை முற்றாக மறுப்பதே நமக்குரிய நெறி.