ஈரக் கயிறு

கிணற்றடியில் இருக்க வேண்டிய வாளி நடு வீட்டில் இருந்தது. இரண்டு வாரமாக அது என்னைத் தூங்க விடவில்லை.

நடந்தது சின்ன விஷயம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி தன் உம்மாவைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு, கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. கற்பிட்டியிலிருந்து பஸ்ஸில் போய்வர அரை நாளாவது ஆகும். "ராத்தா, உங்கட மகள் பகல் வரைக்கும் இவனைப் பார்த்துக்கொள்ளுவாவா?" என்று கேட்டாள். பிள்ளைக்குப் பத்து மாதம், என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எனக்கும் அன்று வெளியே வேலை இருந்தது. "ஏலுமா?" என்றேன். "ஏலும் உம்மா" என்றாள். அவ்வளவுதான் நான் விசாரித்தது.

திரும்பி வந்தபோது பிள்ளை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் பக்கத்தில் தரையில் இருந்தாள். நடுவே வாளி. கயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர் சீமெந்துத் தரையில் வட்டமாகப் பரவியிருந்தது. வழுக்கி விழுந்தால் என்ன செய்வாய் என்று முதலில் ஏசினேன். பிறகுதான் ஏன் என்று கேட்டேன்.

"அங்க இருந்தா தண்ணி அள்ளப் போயிருவேன் உம்மா."

எங்கள் பக்கத்துக் கிணறுகள் மணலில் தோண்டியவை. நாலு முழக் கயிறு போதும், கையெட்டும் தூரத்தில் தண்ணீர். எங்கள் கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம்தான். தவழ்கிற பிள்ளை அந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாள் என நினைத்திருந்தேன். அவள் பயந்தது தன் கால்களுக்கு. பகலானால் குடம் நிரப்புவது அவள் வேலை. பழகிய கால் தானாகப் போய்விடும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளையிடம் ஒரு குழந்தையை நம்பி விடலாம் என்று அன்று இரவு நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் கயிறு ஈரம். ஒரு தடவை அவள் போயிருக்கிறாள்.

எனக்குப் பத்து வயதில் யாரும் ஏலுமா என்று கேட்கவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவிலிருந்து எங்களை வெளியேறச் சொன்னார்கள். வள்ளத்தில் ஏறியதும் உம்மா தம்பியை என் மடியில் வைத்து, "விடாம புடிச்சிக்க" என்றார். அவர் கையில் மூட்டை, வாப்பா தோளில் தங்கச்சி. கற்பிட்டிக் கரைக்கு வரும் வழியில் நான் தூங்கிப்போனேன். விழித்தபோது தம்பி வேறொரு பெண்ணின் மடியில் இருந்தான். அந்தப் பெண் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் திருப்பித் தந்தார். என் கை எப்போது நழுவியது என்று இன்றும் எனக்குத் தெரியாது. உம்மா மவுத்தாகும் வரை அவரிடம் சொல்லவில்லை. கிடுகுக் கொட்டிலில் தம்பியை வளர்த்தது நான்தான் என்று எல்லோரும் மெச்சுவார்கள். மெச்சும்போதெல்லாம் அந்த வெறும் மடி நினைவுக்கு வரும்.

2013 ஜனவரியில் பத்திரிகைகளில் படித்ததும் இந்த நாட்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மூதூர் றிசானா நபீக். பிறப்புச் சான்றிதழில் 1988, கடவுச்சீட்டில் 1982. 2005இல் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போன சில வாரங்களில், அவர் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரைக்கேறியது என்றார். நீதிமன்றம் கொலை என்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேறியது. தாளில் ஆறு வயதைக் கூட்டிவிட்டார்கள். அந்தக் கைகளுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு வயதாகாத பிள்ளைக்குப் புரைக்கேறினால் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தடவை தட்ட வேண்டும். மூத்தவன் பிறந்த பிறகுதான் மிட்வைப் மிஸ் எனக்கு அதைக் காட்டித் தந்தார். நான் என் மகளுக்குக் காட்டவில்லை.

றிசானாவுக்குத் தண்டனை நிறைவேறிய அதே ஆண்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் அது இரண்டு வயதாகக் குறைந்தது. எங்கள் கரையில் உம்மா வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் பல. அங்கெல்லாம் ஒரு மூத்த பெண் இருப்பாள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. எந்த நாளில் அவள் அதற்குத் தயாரானாள் என்று அவளைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

மகளுக்கு இப்போது பயிற்சி நடக்கிறது. தலையணையை முன்கையில் கிடத்தித் தட்டிக் காட்டினேன். என்னைவிட நன்றாகத் தட்டினாள். கிணற்றுக்குப் பலகை மூடி போட ஆள் சொல்லியிருக்கிறேன். அன்று எவ்வளவு நேரம் கிணற்றடியில் நின்றாய், பிள்ளை அப்போது எங்கே இருந்தான் என்பதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். சொன்ன பிறகு அவளை எப்படிப் பார்ப்பேன் என்பது எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டாளிடமும் கயிறு ஈரமாக இருந்ததைச் சொல்லவில்லை. அது பிழை என்று தெரிகிறது.

நேற்று பக்கத்து வீட்டாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள், செவ்வாய்க்கிழமை மறுபடியும் கிளினிக்காம். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உள்ளே மகள் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏலும் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. ஏலாது என்றும் சொல்லவில்லை.