தூக்கிய தோளும் குவித்த கையும்

1980களின் தொடக்கம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பந்து விளையாடப் போனோம். ரெண்டு பேருக்கு ஒரு சைக்கிள். டீமில் சேரிப் பையன்கள் நானும் என் கூட்டாளியும் மட்டும்தான். நான் பார்வேர்டு, அவன் பேக். அன்றைக்கு ரெண்டு கோல் போட்டேன். ஊர்த்தெருப் பையன்கள் என்னைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றினார்கள். என் உடம்பு அவர்கள் உடம்பில் பட்டது. யாருக்கும் தீட்டு ஞாபகம் வரவில்லை.

திரும்பும் வழியில் டீம் பையன் ஒருத்தன் வீட்டில் தண்ணீர் கேட்டோம். மற்றவர்களுக்குச் செம்பில் கொடுத்த பெரியவர் எங்களைப் பார்த்து, “கையக் குவிங்கடா” என்றார். தூக்கின தோள்கள் எல்லாம் பக்கத்தில்தான் நின்றன. கூட்டாளி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் குவித்துக் குடித்தேன். தாகம். அவன் அதற்குப் பிறகு அந்த டீமுக்கு ஆடவில்லை. நான் இன்னும் மூணு வருசம் ஆடினேன்.

வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “கோல் போட்டியாமே, சோறு போட்டாகளா?”

திறமை ஒருத்தனை மனுசனாக்குமா என்ற இந்தக் கேள்வியோடுதான் பின்னாளில் யுசேபியோவைப் பற்றிப் படித்தேன். போர்த்துக்கீசியரின் ஆட்சியில் இருந்த மொசாம்பிக்கில், 1942இல், மஃபலாலா என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். அம்மா கறுப்பினப் பெண். அப்பா வெள்ளைக்கார ரயில்வே தொழிலாளி, மகன் சிறுவனாக இருந்தபோதே செத்துப்போனார். வெறுங்காலோடு துணிப்பந்து உதைத்த அந்தப் பையன் 1960 டிசம்பரில் லிஸ்பன் போனார். 1962 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பென்ஃபிகா கிளப் ரியல் மாட்ரிட்டை 5-3 என்று வென்றபோது அதில் ரெண்டு கோல் அவருடையது. 1966 உலகக் கோப்பையில் வடகொரியாவிடம் 0-3 என்று பின்தங்கிய போர்த்துகல், அவர் ஒருவரே போட்ட நாலு கோலால் 5-3 என்று மீண்டது. அந்தப் போட்டித் தொடரில் மொத்தம் 9 கோல். லிஸ்பன் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அதே நேரத்தில் மொசாம்பிக்கில் என்ன நடந்தது? 1964 செப்டம்பரில் விடுதலைப் போர் தொடங்கியிருந்தது. ‘எங்களிடம் காலனியே கிடையாது, கடல்கடந்த மாகாணங்கள்தான்’ என்று சலாசரின் அரசு உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கோவாவைப் பற்றியும், 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் நுழையும் வரை, இதையேதான் சொன்னது. ‘நிறபேதம் இல்லாத நாடு’ என்று காட்ட அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. யுசேபியோவின் முகம் கிடைத்தது. அவர் போட்ட கோல் அவருடையதுதான். அது யாருக்கு சாட்சி சொன்னது என்பதை மட்டும் அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

1966 அணியின் கேப்டன் மாரியோ கொலூனாவும் மொசாம்பிக்கில் பிறந்தவர். 1975இல் நாடு விடுதலை பெற்றபின் அவர் ஊர் திரும்பினார். அங்கே கால்பந்துச் சம்மேளனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். யுசேபியோ போர்த்துகலிலேயே தங்கிவிட்டார். ரெண்டு பேரும் 2014இல் இறந்தார்கள். 2015இல் யுசேபியோவின் உடலை லிஸ்பனில் தேசத் தலைவர்கள் உறங்கும் மண்டபத்துக்கு மாற்றினார்கள்.

கொலூனா நல்லவர், யுசேபியோ விலைபோனவர் என்று சொல்லிவிடலாம். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் சொன்னேன். என் கூட்டாளியை உயர்த்தி என்னையே திட்டிக்கொள்ள அது வசதியாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. பந்து உதைக்க வேண்டும் என்ற ஆசை குற்றமா? எந்த வெள்ளைக்கார ஆட்டக்காரரிடமாவது ‘உன் இனத்துக்கு என்ன செய்தாய்’ என்று யாராவது கேட்டார்களா? ஒடுக்கப்பட்டவன் மட்டும் கோலும் போட வேண்டும், வரலாற்றுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இந்த ரெட்டைச் சுமையும் ஒடுக்குமுறையில் சேர்ந்ததுதான்.

அதற்காக நான் தப்பித்துவிட்டதாகவும் நினைக்கவில்லை. ஐரோப்பாவில் யுசேபியோவைக் ‘கருஞ்சிறுத்தை’ என்றார்கள். அது கைதட்டியவர்கள் கொடுத்த பட்டம். அதே 1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் கறுப்பின இளைஞர்கள் அதே பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கிளம்பினார்கள். கொடுக்கப்பட்ட பெயரைக் கொடுத்தவன் பிடுங்கிக்கொள்ளலாம். நாமாக எடுத்துக்கொண்டதை எவனும் பிடுங்க முடியாது. தோளில் தூக்கியவர்கள் என்னை இறக்கிவிட்டபோது இது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கூட்டாளியை இப்போதும் பார்க்கிறேன். “நீ ஏன்டா குடிச்ச?” என்பான். “நீ ஏன்டா ஆட்டத்த விட்ட?” என்பேன். நாற்பது வருசமாக நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். செம்பு வைத்திருந்தவரை மட்டும் இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.