‘அனான்’: தேய்ந்துபோன ஓர் ‘உடனே’

ஆங்கிலத்தில் ‘அனான்’ என்று ஒரு சொல் இருந்தது. இன்று அதை யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. பழைய நாடகங்களிலும், வேண்டுமென்றே பழைய பாணியில் பேசும் சரித்திரப் படங்களிலும்தான் கேட்கலாம். அகராதியைப் புரட்டினால் ‘விரைவில்’, ‘சிறிது நேரத்தில்’ என்று பொருள் போட்டிருக்கும். அந்தச் சொல் பிறந்தபோது அதன் பொருள் அதுவல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது ‘ஒன் ஆன்’ என்று இரண்டு சொற்களாக இருந்தது. நேர்ப்பொருள், ‘ஒன்றுக்குள்’, ‘ஒன்றாக’. ஒரு செயலுக்கும் அடுத்த செயலுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் இரண்டும் ஒன்றாக ஒட்டியிருப்பது. அதிலிருந்து ‘அக்கணமே’ என்ற பொருள் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அது தேய்ந்து ‘கொஞ்ச நேரத்தில்’ ஆனது. பிறகு வழக்கொழிந்தது.

இதைப் படித்தபோது நம்முடைய ‘உடனே’தான் நினைவுக்கு வந்தது. உடன் என்றால் கூட, சேர்ந்து. உடன்பிறப்பில் இருக்கும் அதே உடன். கூப்பிடுவதும் வருவதும் கூடப்பிறந்தவைபோல ஒட்டியிருந்தால் அது ‘உடனே’. மலாயிலும் இதே கதைதான். ‘செர்த்தா’ என்றால் கூட, சேர்ந்து. அறிவிப்புகளில் நாம் பார்க்கும் ‘செர்த்தா-மெர்த்தா’ என்றால் உடனடியாக. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிகள் ‘இடைவெளி இல்லாத நேரம்’ என்பதைச் சேர்ந்திருத்தல் என்றே புரிந்துகொண்டிருக்கின்றன.

மூன்றிலும் அந்தச் சேர்க்கை நிற்கவில்லை என்பது அடுத்த கதை. ‘உடனே வரேன்’ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ‘இதோ’ என்பது பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் சொல். ‘தோ வந்துட்டேன்’ என்று போனில் சொல்பவர் பெரும்பாலும் இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்கமாட்டார். மலாயின் ‘செகெஜாப்’ பிரித்துப் பார்த்தால் ஒரு கண்சிமிட்டல். அந்தக் கண்ணை மூடித் திறக்க இங்கே அரைமணி நேரம்கூட ஆகும்.

ஆங்கிலத்தில் ‘அனான்’ மட்டும் இப்படிப் போகவில்லை. இன்று ‘சீக்கிரம்’ என்று நாம் அறிந்த ‘சூன்’, பழைய ஆங்கிலத்தில் ‘சோனா’. அப்போது அதன் பொருள் உடனடியாக. ‘பிரசென்ட்லி’ முதலில் இந்தக் கணமே என்று இருந்து பிறகு ‘சற்று நேரத்தில்’ ஆனது. ‘பை அண்ட் பை’யும் அப்படியே. ஒரு சொல் சறுக்கினால் தற்செயல் எனலாம். நான்கும் ஒரே பக்கமாகச் சறுக்கியிருந்தால் தரையில் ஏதோ சாய்வு இருக்கிறது.

என்ன சாய்வு அது? பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் சுருக்கமானது: மனிதன் சோம்பேறி. ‘இப்பவே செய்றேன்’ என்பான், செய்யமாட்டான். தலைமுறை தலைமுறையாக அப்படிச் சொல்லிச் சொல்லி ‘இப்பவே’ என்பதே ‘அப்புறம்’ ஆகிவிட்டது. இந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்ததற்கு ஒரு காரணமும் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மின்னணுப் பலகைகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஓர் இரவு ஷிப்டில் எனக்கு ஒரு சோதனை ஓட்டம் இருந்தது. லைனை நான்கு மணிநேரம்தான் கொடுத்திருந்தார்கள். பாதியில் உதிரிபாக ரீல் ஒன்று தீர்ந்துவிட்டது. ஸ்டோரிலிருந்து எடுத்து வரவேண்டியவர் ஒப்பந்தத்தில் வந்திருந்த ஒரு நேபாளத் தொழிலாளி. கூப்பிட்டு, உடனே வேண்டும் என்றேன். “செகெஜாப், போஸ்” என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். “செகெஜாப், போஸ்.” ரீல் வந்துசேர நாற்பது நிமிடம் ஆனது. ஓட்டம் முடியவில்லை. ஷிப்ட் அறிக்கையில் நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: வருவதாகச் சொன்னார், வரவில்லை. எழுதியதில் தப்பில்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

அடுத்த இரண்டு வாரம் அவருக்கு ஓவர்டைம் கொடுக்கவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவருக்கு ஓவர்டைம்தான் சம்பளம் என்பது எனக்கும் தெரியும். அந்த லைனில் நெடுநாளாக வேலை பார்க்கும் ஓர் அக்கா ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்போ கீழ லீடரும்தான் அவன கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. லாரி வந்து நிக்குது, சாமான ஏத்துன்னு. அவரும் உடனேன்னுதான் சொன்னாரு. அவன் எந்தப் பக்கம் போவான்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அந்த ‘சொன்னா?’ எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. ‘இப்ப முடியாது போஸ், நாற்பது நிமிஷம் ஆகும்’ என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நேர்மையாக யோசித்தால், அறிக்கையில் ‘வரமறுத்தார்’ என்று எழுதியிருப்பேன். அது இன்னும் மோசமான வரி. உண்மைக்கு நான் வைத்திருந்த தண்டனை பொய்க்கு வைத்திருந்ததைவிடப் பெரியது. அவருக்கு அது தெரிந்திருந்தது.

‘அனான்’ என்ற சொல்லை அதன் முழு உருவத்தில் நான் சந்தித்தது இதற்குப் பிறகு, ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில். 1598இல் அச்சான நாடகம். லண்டன் ஈஸ்ட்சீப்பில் ஒரு மதுக்கடை. அங்கே பிரான்சிஸ் என்று ஒரு பையன், பீப்பாயிலிருந்து மது பிடித்துக் கொடுப்பவன், தொழில் பழக ஒப்பந்தத்தில் இருப்பவன். இளவரசன் ஹாலும் அவனுடைய நண்பன் பாயின்ஸும் பொழுதுபோக ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். பாயின்ஸ் பக்கத்து அறையிலிருந்து பிரான்சிஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இளவரசன் இங்கே அவனைப் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டே இருப்பான். பையன் ஒவ்வொரு முறையும் அந்த அறையைப் பார்த்து ‘அனான், அனான்’ என்று கத்துகிறான். இளவரசனை விட்டுப் போகவும் முடியாது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைத்து நிற்கிறான். அப்போது கடைக்காரர் உள்ளே வந்து, கூப்பிடுவது காதில் விழுந்தும் சும்மா நிற்கிறாயே என்று அவனைத் திட்டுகிறார். அவன் போனபின், பையனிடம் அதிகச் சொற்களே இல்லை என்று இளவரசன் கேலி செய்கிறான்.

மேடையில் இது சிரிப்புக் காட்சி. நான் சிரிக்கவில்லை. கடைக்காரரின் இடத்தில் என்னைப் பார்த்தேன்.

‘அனான்’ தேய்ந்ததற்கு சோம்பல்தான் காரணம் என்பதை அதற்குப் பிறகு என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. பிரான்சிஸ் சோம்பேறி இல்லை. பொய்யனும் இல்லை. ஒவ்வொரு ‘அனான்’ சொல்லும்போதும் அவன் போகத்தான் நினைக்கிறான். அவனிடம் இருப்பது ஓர் உடம்பு, இரண்டு ‘உடனே’கள். அந்தச் சொல்லின் உள்ளே இருந்த ‘ஒன்று’ அங்கேதான் உடைகிறது.

பொய்க்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் இலக்கணம், உண்மையல்ல என்று தெரிந்தே சொல்வது. வாக்கு தவறுதல் என்றால் செய்வதாகச் சொல்லிச் செய்யாமல் இருப்பது. இரண்டிலுமே சொல்பவர் வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம் என்ற ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ‘முடியாது’ என்று சொல்ல இடமிருக்கிறவரின் ‘சரி’தான் வாக்கு. அந்த இடம் இல்லாதவரின் ‘சரி’ வெறும் ஓசை. கதவைத் தட்டினால் சத்தம் வருவதுபோல, அதட்டினால் ‘உடனே’ வரும். அந்தச் சத்தத்தை வாக்கு என்று எழுதிவைத்து, அதை மீறியதாக ஒருவரைத் தண்டிப்பது நியாயமா? நான் செய்தது அதுதான்.

இதற்கு எதிராக ஒரு சாட்சியும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. அதே ஷேக்ஸ்பியரின் ஜூலியட். இரவில் மாடத்தில் நின்று ரோமியோவோடு பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து செவிலி கூப்பிடுகிறாள். ஜூலியட்டும் ‘அனான்’ என்கிறாள், ‘பை அண்ட் பை’ என்கிறாள், போகாமல் நிற்கிறாள். அவளை யாரும் இங்கே பிடித்துவைக்கவில்லை. அவளுக்கே போக மனமில்லை. ஆக, ஆசையினாலும் இந்தச் சொற்கள் தேய்ந்திருக்கின்றன. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜூலியட் தாமதித்தால் செவிலி முணுமுணுப்பாள், அவ்வளவுதான். பிரான்சிஸ் தாமதித்தால் முதலாளி வருவார். ஒரே சொல்லை இரண்டு பேரும் தேய்த்தார்கள். விலை கொடுத்தவன் ஒருவன்தான்.

ஆணையிடுபவர்களின் வாயில் இந்தச் சொற்களுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்கலாம். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் கால ஆங்கில வேதாகமத்தில், மாற்கு ஆறாம் அதிகாரத்தில், ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி ராஜாவிடம் கேட்கிறாள். அங்கே ‘பை அண்ட் பை’ என்ற சொல் வருகிறது. இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு, ‘மெதுவா, பின்னாடி கொடுங்க’ என்று அவள் பெருந்தன்மையாகக் கேட்டதுபோல இருக்கும். அவள் கேட்டது இப்போதே. ராஜா அப்போதே ஆளை அனுப்புகிறான், தலை வந்துவிடுகிறது. அரண்மனையில் சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லை. மதுக்கடையில், அடுப்படியில், பட்டறையில் பதில் சொல்லும் பக்கத்தில்தான் இடைவெளி விழுகிறது.

நான் இன்ஜினியர் என்பதால் இதற்கு வேறு துறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. 1997 ஜூலை 4 அன்று ‘பாத்ஃபைண்டர்’ விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. உள்ளே பல பணிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை. வானிலைத் தரவு சேகரிப்பது கீழ்நிலைப் பணி. தரவுப் பாதையை நிர்வகிப்பது மேல்நிலைப் பணி. இரண்டுக்கும் பொதுவான ஒரு பூட்டை சில நேரம் கீழ்நிலைப் பணி வைத்திருக்கும். அது வேலையை முடித்துப் பூட்டை விடும்வரை மேல்நிலைப் பணி காத்திருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து நடுநிலைப் பணிகள் வந்து கீழ்நிலைப் பணியை ஓரங்கட்டிவிடும். அதனால் அது முடிக்கமுடியாது, பூட்டை விடமுடியாது. மேலே இருப்பது காத்துக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்தில் வேலை முடியவில்லை என்று கண்காணிப்பு அமைப்பு எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும்.

பூமியிலிருந்து அனுப்பிய திருத்தம் கீழ்நிலைப் பணியை நீக்கவில்லை. மேல்நிலைப் பணி எதற்காகக் காத்திருக்கிறதோ, அந்தக் கீழ்நிலைப் பணிக்கு அது முடியும்வரை மேல்நிலைப் பணியின் முன்னுரிமையையே கடனாகக் கொடுக்கும்படி மாற்றினார்கள். ரீசெட் நின்றது.

பல்கலைக்கழகத்தில் இதைப் பரீட்சைக்குப் படித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அன்று இரவு மாடிப்படி இறங்கி லைன் லீடரிடம் போய் “அவர் என் வேலையில இருக்காரு, லாரி தாமதமானா நான் பதில் சொல்றேன்” என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லியிருந்தால் லீடர் கேட்டிருப்பார். அந்தத் தொழிலாளி சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார். என்னிடம் இருந்த அந்தச் சிறிய தகுதியை நான் பத்து நிமிடம் கடன் கொடுக்கவில்லை. மாறாக, அறிக்கை எழுதப் பயன்படுத்தினேன்.

பின்னர் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “சரி, பார்க்கிறேன்” என்றார். அதுவும் ஓர் ‘அனான்’தான். இரண்டு வாரம் முடிந்தபின் ஓவர்டைம் தானாகத் திரும்ப வந்தது. போன பணம் போனதுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “தாக் அப்பா, போஸ்” என்றார். பரவாயில்லை என்று பொருள். அவருக்கு வேறு என்ன சொல்ல இடமிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்தப் ‘பரவாயில்லை’யை மன்னிப்பாக நான் இன்றுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது வேறு கம்பெனி. யாரையும் கூப்பிடும்போது முதலில் “கையில என்ன வேலை இருக்கு?” என்று கேட்கிறேன். ஆரம்பத்தில் சந்தேகமாகப் பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் ஒருவர், “இன்னும் ஒரு மணிநேரம் ஆகும்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கேட்க எரிச்சலாக இருந்தது. ஆனால் அது உண்மையான எண்.

அந்த மதுக்கடைக் காட்சியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இன்னும் எவ்வளவு காலம் பாக்கி என்று இளவரசன் பிரான்சிஸிடம் கேட்கிறான். ஆங்கிலத்தில் அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் ‘இன்டென்ச்சர்’. 1910இல் ஒழிக்கப்படும்வரை நம்மவர்களை மலாயாத் தோட்டங்களில் கட்டிவைத்த ஒப்பந்தத்துக்கும் அதே பெயர்தான். பையன் ஐந்து வருடம் என்று ஆரம்பித்து, மேலே ஏதோ சொல்ல வருகிறான். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிறார்கள். ‘அனான்’ என்று கத்துகிறான். அந்த வாக்கியத்தை அவன் முடிப்பதே இல்லை.

நாடகத்தில் யாரும் அவனிடம் மறுபடி கேட்பதில்லை. அந்த நேபாளத் தொழிலாளியிடம் அவருக்கு இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று நானும் கேட்டதில்லை.