நிற்கும் இடமும் நெடுவானும்

காமிரா லென்ஸின் குழல்மேல் மூன்றடி, ஐந்தடி, பத்தடி என்று தூரங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டு வந்து, கடைசியில், படுக்கவைத்த எட்டுப் போன்ற ஒரு சிறு குறியோடு கணக்கு நின்றுவிடுகிறது. அநந்தம் என்னும் கருத்தைச் சுட்டுவதற்காக ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1655ஆம் ஆண்டில் கையாண்ட குறி அது. எந்த எண்ணாலும் எட்ட முடியாததற்கென்று ஏற்பட்ட அடையாளம் எண்களின் வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம், மனிதன் தன் கைக்கு அடங்காத ஒன்றை எத்தனை சகஜமாகத் தன் கருவிகளின்மேல் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறான் என்ற வியப்பு எனக்கு உண்டாகாமல் இருந்ததில்லை. லென்ஸின் சாஸ்திரப்படி அதன் பொருள் எளியதுதான்: குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பாலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாகவே வந்து சேருவதால், அதற்கப்பால் இருப்பவற்றுள் அருகு எது, தொலைவு எது என்ற பேதம் கண்ணாடிக்குத் தெரிவதில்லை. அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் ஒன்றுக்கு, நூறடிக்கு அப்பால் நிற்கும் பனைமரமும், சுமார் 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஆண்ட்ரோமீடா மண்டலமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இரவில் அந்தக் குறியை நம்பி வளையத்தைத் திருப்பி வைத்தால் நட்சத்திரங்கள் கலங்கித் தெரியும். வெப்பத்திலும் குளிரிலும் உறுப்புகள் விரிந்து சுருங்குவதற்கு இடம் விட்டுச் செய்கிறார்களாதலால், பல லென்ஸுகளில் வளையம் அநந்தக் குறியையும் தாண்டிச் சற்றுச் சுழலும். ஜவ்வாது மலையின் இருட்டில் முக்காலியை ஊன்றி, டார்ச்சை அணைத்துவிட்டு, காமிராவின் பின்திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, விரல் நுனியால் வளையத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தும்போது, அந்த ஒளிவட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி, கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் மறுபடியும் விரியத் தொடங்கும். சுருக்கத்துக்கும் விரிவுக்கும் நடுவே அந்த ஓர் இடத்தில் விரலை எடுத்துவிட வேண்டும்.

அநந்தத்தைப் படம் பிடிக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே நேரான விடை. படம் என்பது நான்கு பக்கமும் முடிந்துபோகிற பொருள். ஆயினும், உள்ளங்கையளவுக் காகிதம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இதற்கு முடிவு இல்லை என்ற உணர்ச்சி நெஞ்சில் திண்ணமாக எழுவதும், அதைக் காட்டிலும் பத்து மடங்கு பெரிய படத்தின் முன் நிற்கையில் அப்படி ஒன்றும் எழாமற்போவதும் அனுபவத்தில் கண்ட உண்மையாதலால், அந்த உணர்ச்சி எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வி என்னை நெடுநாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அகலத்திலிருந்து அது பிறப்பதில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். மலைமேல் ஏறி நின்று, கண்ணுக்கு எட்டிய மட்டும் அலையலையாகக் கிடக்கும் தொடர்களையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற ஆவலோடு எடுத்த படத்தில், அந்த மகா விஸ்தாரம் நீலநிறக் கோடு ஒன்றாக மெலிந்து போயிருக்கும். பொலிவியாவில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயுனி உப்புச் சமவெளியில், மழைக்குப்பின் மெல்லிய நீர்த்தகடு தேங்கி, வானம் காலடியிலும் பிரதிபிம்பமாக விரிகிற காட்சியை எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை அழகானவை, ஆனால் மனத்தில் தங்காதவை. எல்லாம் தெரிகிற படத்தில், தெரியாமல் எஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோதோ 1980ஆம் ஆண்டிலிருந்து கடல்களை மட்டும் எடுத்துவந்த வரிசை இதற்கு நேர்மாறானது. ஆதி மனிதன் கண்ட காட்சியை அவன் கண்டபடியே இன்றைய மனிதனும் காண முடியுமா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். நிலத்தின் முகம் எங்கும் மாறிவிட்டது, கடலின் முகம் மாறவில்லை என்று கண்டு, பெரிய தகடு பிடிக்கும் பழைய பாணிக் காமிராவைத் தூக்கிக்கொண்டு உலகத்தின் கடற்கரைகளுக்கெல்லாம் போனார். கரீபியக் கடலானாலும் கருங்கடலானாலும் படம் ஒரே மாதிரிதான்: கறுப்பு வெள்ளை, பாதி வானம், பாதி நீர், அடிவானக் கோடு சரியாக நடுவில், கப்பல் இல்லை, பறவை இல்லை, கரையும் இல்லை. இரவில் எடுத்தவற்றில் அந்தக் கோடுகூட இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுறும்படி, இருளோடு இருள் சேர்ந்து நிற்கிறது. இத்தனை கண்டிப்பான சட்டத்துக்குள் இத்தனை குறைவான பொருளை வைத்த ஒரு கலைஞன் எப்படி இவ்வளவு பெரிய உணர்ச்சியைக் கொடுத்தான் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி மகள், “பெரியப்பா, இந்தக் கோடு படத்துக்கு அந்தாண்டயும் போகுதா?” என்று கேட்டாள். “போகுது அம்மா” என்றேன். “எதுவரைக்கும்?” என்றாள். மலைத்தொடரின் அகன்ற படத்தைக் காட்டியபோது அவள் கேட்காத கேள்வி அது. வெட்டு எவ்வளவு தெளிவாக விழுகிறதோ, வெட்டுப்பட்ட பொருள் அவ்வளவுக்கு அப்பாலும் நீண்டுகொண்டே போகிறது.

இந்தச் சூட்சுமம் நம் சிற்பிகளுக்குத் தெரிந்திருந்தது. சிவன் கோயில்களில் கருவறையைச் சுற்றி வரும்போது மேற்குச் சுவரின் மாடத்தில் பெரும்பாலும் லிங்கோத்பவரைக் காணலாம். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் பல்லவர் காலத்து வடிவம் ஒன்று இருக்கிறது. அடியும் முடியும் காண முடியாத சோதி என்ற புராணத்தைக் கல்லில் சொல்ல வேண்டிய சிற்பி, கல்லை உயரமாக்க முற்படவில்லை. லிங்கத்தின் நடுவே பிளவு ஒன்றைத் திறந்து, அதற்குள் மூர்த்தியை நிறுத்தி, பாதத்தையும் மகுடத்தின் நுனியையும் கல்லுக்குள்ளேயே மறைத்துவிட்டான். கீழே பன்றி தோண்டிக்கொண்டே இருக்கிறது. மேலே அன்னம் பறந்துகொண்டே இருக்கிறது. ஆள் உயரங்கூட இல்லாத மாடத்துக்குள் அநந்தம் நிற்கிறது.

அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த ‘ஹெர்னாண்டஸ் ஊரில் நிலவுதயம்’ என்ற படத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு மாலையில் காரோட்டிக்கொண்டு வந்தவர், சாலையோரச் சிற்றூர் ஒன்றின் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மேல் மறைகின்ற சூரியனின் கடைசி வெளிச்சம் விழுந்திருப்பதையும், தொலைவில் பனிமலைகளுக்கு மேலே சந்திரன் ஏறியிருப்பதையும் கண்டு, வண்டியை நிறுத்தி, பெரிய காமிராவை அவசரம் அவசரமாகப் பூட்டினார். ஒளியளக்கும் மீட்டர் தேடியும் அகப்படவில்லை. சந்திரனின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 காண்டில் என்ற கணக்கு அவருக்கு நினைவில் இருந்தது. அதைக் கொண்டே எக்ஸ்போஷரை நிர்ணயித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது. ஆகாயத்தில் சந்திரன் இருந்த நிலையைக் கொண்டு வானியலார் பின்னாளில் கணித்துச் சொன்ன தேதி 1941 நவம்பர் 1.

அந்தப் படத்தில் சந்திரன் மிகச் சிறியது. சிலுவைகளும் மண் வீடுகளும் அதைப்போலவே சிறியவை. இவற்றுக்கு மேலே, படத்தின் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் வெறும் கறுப்பு வானம். அந்தக் கறுப்பு அன்று மாலை அங்கே அவ்வளவு கறுப்பாக இருந்ததன்று. ஆரம்ப காலத்துப் பிரிண்டுகளில் வானம் வெளிறி, மேகக் கீற்றுகளோடு இருந்தது. பல ஆண்டுகள் இருட்டறையில் உழைத்து, ஆடம்ஸ் அதை மேன்மேலும் இருளச் செய்துகொண்டு போனார். சந்திரனைப் பெரிதாக்கும் லென்ஸைப் போட்டிருந்தால் சந்திரன் கிடைத்திருக்கும், ஆகாயம் போயிருக்கும். யாரோ சிலர் பிறந்து வாழ்ந்து அடங்கிய ஓர் ஊரின் கல்லறைகள் கீழே இருப்பதனால்தான், மேலே இருக்கும் வெறுமைக்கு ஆழம் ஏற்படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

இரவின் படத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பகலில் ஷட்டர் ஒரு கணத்தைக் கத்தரித்து எடுக்கிறது. இரவிலோ அது திறந்தபடியே காத்திருக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழலுவதால், இருபது முப்பது வினாடிக்குமேல் திறந்து வைத்தால் புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் கோடாக நீளத் தொடங்கும். மணிக்கணக்கில் திறந்து வைத்தால் ஆகாயம் முழுவதும் வட்ட வட்டமாகச் சுழித்துக்கொள்ளும். கோடுகள் பிரமிப்பைத் தருகின்றன என்றாலும், என் மனம் புள்ளிகளையே நாடுகிறது. கோட்டில் பூமியின் சலனம் தெரிகிறது, புள்ளியில் அந்த நட்சத்திரத்தின் தூரம் தெரிகிறது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்த ஜவ்வாது மலை சுமார் 12½ பாகை வட அட்சத்தில் இருப்பதால், வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்தே காண முடிகிறது. சித்திரை வைகாசி மாதங்களில் நள்ளிரவுக்குமேல் விருச்சிகம் எழும்பி நிற்க, அதன் வாலோடு தனுசுப் பக்கமாகப் பால்வீதி புகைபோலப் படிந்திருக்க, முன்னால் ஒரு பாறையும் வேலமரமும் நிற்கும்படி காமிராவை வைத்தால், அந்த ஒரு சட்டத்துக்குள் எத்தனை காலங்கள் வந்து கூடுகின்றன! கேட்டை நட்சத்திரத்தின் சிவந்த ஒளி சுமார் 550 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. பால்வீதியின் மையமோ சுமார் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. வேலமரத்தின் இலையசைவு மட்டும் இன்றைக்கு உரியது.

அவ்வொளிகளுக்கு இடையிலுள்ள இருட்டும் பேசக்கூடியதே. பிரபஞ்சம் எல்லையற்றதாகவும், என்றென்றும் நிலைத்ததாகவும், எங்கும் நட்சத்திரங்கள் நிறைந்ததாகவும் இருக்குமாயின், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு நட்சத்திரத்தில் போய் முட்ட வேண்டும், இரவு வானம் முழுவதும் சூரியன்போலக் காய வேண்டும், அப்படி இல்லாததேன் என்று ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானியர் 1823இல் கேட்டார். பிரபஞ்சத்துக்குச் சுமார் 1,380 கோடி ஆண்டு வயதுதான் ஆகிறது, அதற்குமேல் தொலைவிலுள்ள ஒளி நம்மிடம் வந்துசேர இன்னும் காலம் ஆகவில்லை என்பது அதற்குரிய விடைகளுள் தலையாயது. நாம் அநந்தம் என்று மயங்கி நோக்கும் கறுப்பே காலத்தின் எல்லைக்கோடு. 1995 டிசம்பரில், ராபர்ட் வில்லியம்ஸ் என்ற வானியலார், வேறு சில அறிஞர்கள் வீண்வேலை என்று தடுத்தபோதிலும், ஆய்வு நிலையத்தின் இயக்குநர் என்ற முறையில் தமக்கு உரிமையான நேரத்தைச் செலவிட்டு, ஹபிள் தொலைநோக்கியைச் சப்தரிஷி மண்டலத்தில் ஒன்றுமில்லாததாகத் தோன்றிய ஒரு துளி இருட்டின்மேல் பத்து நாள் நிறுத்திவைத்தார். கையை நீட்டிப் பிடித்த மணல் துணுக்கு ஒன்று மறைக்கும் அளவான அந்த இடத்தில் சுமார் 3,000 நட்சத்திர மண்டலங்கள் பதிந்திருந்தன. அவர் வானத்தையெல்லாம் துழாவவில்லை, ஓரிடத்தைப் பார்த்தார்.

இத்தகைய படங்களைக் கண்டு, மனிதன் ஒரு தூசி, அவன் வாழ்வு அற்பம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்த வைராக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு தொழில், கூடிப் பிறந்தவர்கள், ஒரு ஆயுள் என்று நமக்கு வாய்த்த சட்டம் குறுகியதுதான். ஆனால் அந்தச் சட்டம் இல்லாத பார்வை என்று ஒன்று எங்கும் இல்லை. எல்லா ஊருக்கும் பொதுவாக நின்று பால்வீதியைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாறையின் பக்கத்தில் நின்றுதான் பார்த்தோம். மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாதபடி விளக்கொளி மறைத்துவிட்டது என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வேறொரு நாட்டின் வானம் எவ்வளவு அழகாகப் படத்தில் வந்து சேர்ந்தாலும் அந்த நஷ்டம் ஈடாகாது.

ஆகவேதான், ஓரிரவில் எடுத்த பால்வீதியை வேறோர் ஊரில் எடுத்த மலைக்குமேல் ஒட்டிவைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. காமிராவில் பால்வீதி கண்ணுக்குத் தெரிவதைவிட வண்ணமாகத் தெரிகிறதே, அதுவும் பொய்தானே என்று கேட்பார்கள். அது பொய்யன்று, கண் சேர்த்துவைக்க மாட்டாத ஒளியைக் காமிரா சேர்த்துவைக்கிறது, ஆடம்ஸ் தம் வானத்தை இருளச் செய்ததும் தாம் நின்று கண்ட வானத்தைத்தான். ஒட்டிய படத்திலோ அந்த மலையடியில் அந்த வானத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அப்படிப்பட்ட படத்தை யாரேனும் கொண்டுவந்து காட்டினால், அதன் வண்ணத்தையும் நேர்த்தியையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எங்கே நின்று எடுத்தீர்கள் என்றுதான் நான் கேட்பது வழக்கம்.