டோப்பாவும் கதவும்

தான் எடுத்த படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட வாய்ப்புக் கிடைத்தவர் எதைப் பிழை என்று எடுத்துக்கொள்கிறார், எதை அப்படியே விட்டுவிடுகிறார்? நெடுநாளாக எனக்குள் இருக்கும் கேள்வி இது. நூல்களின் மறுபதிப்புக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் சினிமாவில், படங்கள் கேசட்டாகவும் டிவிடியாகவும் வீட்டுக்குள் வந்தபிறகு, இது கண்முன்னே தெரியத் தொடங்கியது. ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துப் போட்டு, ரிமோட்டால் நிறுத்தி நிறுத்தி, என்ன மாறியிருக்கிறது என்று யாரும் பார்த்துவிடலாம்.

நான் எடுத்துக்கொள்வது ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’. 1982இல் வந்த படம். கதை நடப்பது 2019இன் லாஸ் ஏஞ்சல்ஸில். மனிதர்களைப் போலவே செய்யப்பட்ட ‘ரெப்ளிகண்ட்’கள் சிலர் தப்பி நகருக்குள் வந்துவிடுகிறார்கள். அவர்களைத் தேடிக் கொல்லும் வேலை டெக்கர்டுக்கு. நடித்தவர் ஹாரிசன் ஃபோர்டு. முன்னோட்டக் காட்சிகளில் பார்த்தவர்கள் குழம்பிப்போனதால், நாயகனின் குரலில் விளக்கமும், அவனும் ரேச்சலும் காரில் மலைநாட்டுக்குப் போய்விடுகிற சுபமான முடிவும் ஒட்டப்பட்டன. (அந்த முடிவில் வரும் வான்காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிஞ்சியவை. ஒரு பேய்ப்படத்தின் மிச்சத்தில் ஒரு காதல் ஜோடியை வாழவைத்தார்கள்.) 1992இன் ‘டைரக்டர்ஸ் கட்’ குரலையும் சுபமுடிவையும் எடுத்துவிட்டது. 2007இல் ‘ஃபைனல் கட்’ வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், முழுமை பெறாத ஆரம்பப் பிரதி, 1982இன் அமெரிக்கப் பிரதி, வெளிநாட்டுப் பிரதி, 1992, 2007 என ஐந்து பதிப்புகளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றார்கள்.

ஃபைனல் கட்டில் செய்த திருத்தங்கள் நுணுக்கமானவை. பறக்கும் காரைத் தூக்கிப்பிடித்த கம்பிகள் அழிக்கப்பட்டன. மழையிரவில் பறந்துபோகிற புறா, 1982இல் பளிச்சென்ற பகல் வானத்துக்குள் நுழைந்தது. அந்த வானத்தை மாற்றினார்கள். தப்பியவர்கள் எத்தனைபேர், அதில் செத்தது எத்தனைபேர் என்று போலீஸ் அதிகாரி சொல்லும் கணக்கு உதைத்தது, அதைச் சரிசெய்தார்கள். பாம்பு வியாபாரியிடம் டெக்கர்ட் பேசும் இடத்தில் உதட்டசைவு வசனத்தோடு ஒட்டவில்லை. ஃபோர்டின் மகனை அழைத்து அதே வசனத்தைப் பேசவைத்து, மகனின் வாயை அப்பாவின் முகத்தில் பொருத்தினார்கள்! இவ்வளவு பொறுமை.

அடுத்து ஜோரா. பாம்பை வைத்து நடனமாடிப் பிழைக்கும் ரெப்ளிகண்ட் அவள். உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறாள். டெக்கர்ட் முதுகில் சுடுகிறான். கடைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு, மெதுவசைவில், நீண்ட நேரம் எடுத்துச் சாகிறாள். பாத்திரம் ஜோஆனா கேசிடியுடையது. கண்ணாடிக்குள் பாய்ந்தவர் லீ புல்ஃபோர்டு என்ற டூப். டோப்பா பொருந்தவில்லை, முகம் வேறு என்பது பளிச்சென்று தெரியும். 25 ஆண்டுகள் கழித்து கேசிடி வந்து, தலை அசைவுகளை மட்டும் மறுபடி நடித்துக் கொடுத்தார். புல்ஃபோர்டின் உடல்மேல் கேசிடியின் முகம் ஏறியது.

இதில் என் மனம் ஒரு பக்கம் நிற்பதில்லை. சாவு ஜோராவுடையது என்றால் அதை நடிக்கிற உரிமை கேசிடிக்கு உண்டு. ஆனால் ஓடியதும் பாய்ந்ததும் இன்னொரு பெண். டூப்பின் வேலையே கண்ணில் படாமலிருப்பதுதான். கண்ணில் பட்டால் அது பிழை. வீட்டுவேலையும் அப்படித்தானே, செய்யாத நாளில்தான் தெரியும். 1982இன் பிரதியில் புல்ஃபோர்டு தவறுதலாகவாவது தெரிந்தார். அந்தத் தவறைத் திருத்திய பின் அவர் இருந்த தடயமில்லை.

டோப்பாவை இத்தனை கவனமாகப் பார்த்த கண்கள் இன்னொரு காட்சியைக் கடந்துபோயிருக்கின்றன. ரேச்சல், ஷான் யங் நடித்தவள், தன் நினைவுகள் வேறொருத்தியுடையவை என்று அப்போதுதான் அறிந்திருக்கிறாள். டெக்கர்டின் உயிரைக் காப்பாற்ற ஒருவனைச் சுட்டுக் கொன்றிருக்கிறாள். அவன் வீட்டில் பியானோ வாசிக்கிறாள். அவன் முத்தமிட நெருங்க, எழுந்து வாசலுக்கு ஓடுகிறாள். திறந்த கதவை அவன் கையால் அறைந்து சாத்துகிறான். அவளைப் பிடித்து ஜன்னல்மேல் தள்ளுகிறான். தன்னை முத்தமிடச் சொல்லும்படி அவளிடம் சொல்கிறான். அவளுக்குப் பேச்சு தடுமாறுகிறது. என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தை அவனே எடுத்துக்கொடுக்கிறான். அவள் திருப்பிச் சொல்கிறாள். ஐந்து பதிப்பிலும் இந்தக் காட்சி இருக்கிறது.

‘அந்தக் காலம் அப்படி’ என்பார்கள். 1982க்கு அந்தச் சமாதானத்தைக் கொடுத்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். 2007க்கு? படத்தைச் சட்டகம் சட்டகமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அந்தக் கதவையும் பார்த்திருப்பார்கள். முதல் தடவை நடந்தது வழக்கம், யோசிக்காமல் நடந்திருக்கலாம். இரண்டாம் தடவை விட்டுவைத்தது ஒரு முடிவு.

திருத்தம் என்பது தொழில்நுட்பப் பிழைகளுக்கு மட்டும்தான், அறத்தில் கைவைப்பதில்லை என்ற பதிலும் செல்லாது. வேறு இயக்குநர்கள் கைவைத்திருக்கிறார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ மதுக்கடையில் தன்னை மிரட்டுபவனை முந்திக்கொண்டு சுடுவான். நாயகன் கொலைகாரனாகத் தெரியக் கூடாதென்று 1997இன் பதிப்பில் எதிராளி முதலில் சுடுவதாக மாற்றினார் ஜார்ஜ் லூகாஸ். (அந்தப் படத்தின் 1977 வடிவத்துக்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவர் மார்சியா லூகாஸ் என்ற பெண். பல ஆண்டுகள் அந்த வடிவத்தை 2006 டிவிடியின் இலவச இணைப்பாகத்தான் பார்க்க முடிந்தது.) ஸ்பீல்பெர்க் 2002இல் ‘இ.டி.’ படத்தின் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்து வாக்கிடாக்கியாக்கினார். துப்பாக்கி உறுத்துகிறது. சாத்திய கதவு உறுத்தவில்லை.

அப்படியானால் அந்தக் காட்சியை வெட்டிவிட வேண்டுமா? மாணவிகள் இதைக் கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஸ்பீல்பெர்க்கே பின்னர் அந்தத் திருத்தத்துக்கு வருந்தினார். 2012இன் புளூ-ரேயில் துப்பாக்கிகள் திரும்பிவந்தன. கதவை அழித்தால் டெக்கர்ட் யோக்கியனாகிவிடுவான். 1982 எதைக் காதல் என்று நம்பியது என்பதற்கான சாட்சியமும் போய்விடும். பழிச்செயலைத் துடைத்துவிட்டுச் செய்தவனை மட்டும் வைத்துக்கொள்வது அவனுக்குச் செய்கிற உதவி.

இதைவிட வலுவான வாதம் ஒன்றுண்டு. அந்த வன்முறை தெரிந்தே வைக்கப்பட்டது என்பது அது. டெக்கர்ட் கூலிக்குக் கொல்பவன். ரேச்சலுக்கோ தன் ஆசை தன்னுடையதா, யாரோ ஊட்டியதா என்றே தெரியாது. ஆக, படம் நம்மைச் சங்கடப்படுத்த விரும்புகிறது என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளத் தயார், இசை இடம்கொடுத்தால். அந்தக் காட்சியோடு வாங்கெலிஸின் சாக்ஸஃபோன் குழைந்து வருகிறது. இசைத்தட்டில் அதன் பெயரே காதல் இசை. எதையும் வெட்டாமல், அந்த இசையை எடுத்துவிட்டிருந்தாலே போதும். மழைச் சத்தத்தில் அந்தக் கதவு அறைபடுவது நமக்குக் கேட்டிருக்கும். மகனின் வாயை அப்பாவுக்கு ஒட்டியவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

2017இல் வந்த ‘பிளேடு ரன்னர் 2049’ இந்த உறவைப் புராணமாகவே ஆக்கிவிட்டது. ரேச்சல் பிரசவத்தில் இறந்திருக்கிறாள். அந்தப் பிறப்பு ஓர் அற்புதம். வில்லன்கூட டெக்கர்டிடம் அதைக் காதலென்றே பேசுகிறான். அவனுக்கு ஆசைகாட்ட ஒரு புதிய ரேச்சலை நடக்கவிடுகிறார்கள்: 1982இன் ஷான் யங் முகம் கணினியில் செய்தது, உடல் லோரன் பெட்டா என்ற நடிகையுடையது. மறுபடியும் ஒருத்தியின் உடலில் இன்னொருத்தியின் முகம். டெக்கர்ட் வேண்டாமென்றதும் அவளைத் தலையில் சுட்டுவிடுகிறார்கள். இந்தமுறை கதவும் இல்லை, அவள் ஓட எழவும் இல்லை.

வகுப்பில் ஜோராவின் சாவைக் காட்ட நேரும்போது 1992 பதிப்பைத்தான் போடுகிறேன். லீ புல்ஃபோர்டின் முகம் அதில் இருக்கிறது. ரேச்சலின் காட்சிக்கு எந்தப் பதிப்பானாலும் ஒன்றுதான். அதை முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் போடுவேன்.